கூரைக்கு மேல் ஓர் அறை

கார்ல் ஸ்பிட்ஸ்வெக் என்னும் ஜெர்மானிய ஓவியர் 1839இல் வரைந்த ‘ஏழைக் கவிஞன்’ ஓவியத்தை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். சரிந்த கூரையின் அடியில், தரையில் இட்ட மெத்தையில் சாய்ந்திருக்கிறார் கவிஞர். அவர் தலைக்கு மேல் ஒழுக்கைத் தடுக்க ஒரு குடை விரிந்திருக்கிறது. பனியும் மழையும் வழிந்தோடக் கூரையைச் சரித்துக் கட்டிய ஐரோப்பிய நகரங்களில், அந்தச் சரிவுக்கும் கடைசித் தளத்துக்கும் நடுவே எஞ்சிய இடம் பணிப்பெண்களுக்கும் மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அறையாயிற்று. மின்தூக்கி இல்லாத காலத்தில் படிகள் ஏற ஏற வாடகை இறங்கியது என்பதே இதன் பொருளாதாரம்.

நம் சென்னையில் அப்படி ஓர் இடம் கிடையாது. ஓட்டு வீடுகளில் பரண் உண்டு. அதில் வெண்கலப் பாத்திரமும் கொலுப்படியும் இருக்கலாம், மனிதர் நிமிர்ந்து நிற்க முடியாது. மாடி வீடுகளின் கூரையோ தட்டையானது. ஆகவே கூரைக்கு அடியில் தேடாமல் கூரைக்கு மேல் கட்டினார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் பல தலைமுறைகளாக இருந்துவந்த மொட்டை மாடி அறையின் வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்தே நாம் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் அந்தக் கூரையைப் பற்றிச் சொல்லவேண்டும். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியாளர்களும், கட்டைக்குத்துத் தளம் என்று கொத்தனார்களும் அழைத்த தளம் அது. சுவரின்மேல் தேக்கு உத்திரங்கள்; அவற்றின்மேல் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள்; அவற்றின்மேல் வழக்கமான செங்கல்லைவிடச் சிறிய, மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, நாள் கணக்கில் மரக்கட்டைகளால் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். மேலே தட்டோடு. வெயிலையும் மழையையும் தாங்குவதற்கும், வடகம் காயவைப்பதற்கும், கோடை இரவில் குடும்பமே பாய் விரித்துப் படுப்பதற்கும் அந்தத் தளம் போதும். ஆனால் இன்னொரு வீட்டைச் சுமக்க அது கட்டப்படவில்லை.

பிறகு ஏன் கட்டினார்கள்? மயிலாப்பூரின் மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் வீடுகள் பக்கச் சுவர் ஒட்டி நிற்பவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளவாக்கில் போகும் வீட்டில் ஒரு மகனுக்குக் கல்யாணமானால் அகலத்தில் விரிய வழியில்லை, உயரத்தில்தான் உண்டு. 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து மனைகளாக்கி, பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைச் சூட்டிய தியாகராய நகரிலும், 1940களின் இறுதியில் கூட்டுறவு முயற்சியில் எழுந்த அடையாறு காந்தி நகரிலும் தோட்டத்தோடு கூடிய வீடுகளுக்கு இடநெருக்கடி இல்லை. அங்கே நெருக்கடி வெளியிலிருந்து வந்தது.

1941 கணக்கெடுப்பில் 7,77,481 ஆக இருந்த நகரத்தின் மக்கள்தொகை, 1951இல் 14,16,056 ஆயிற்று. நகர எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் அரசு அலுவலகம், வங்கி, கல்லூரி என்று மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கியவர்களே பெரும் காரணம். போர்க்காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1946, 1949, 1960 ஆண்டுகளின் சட்டங்களால் நிலைபெற்றது. அது குடியிருந்தவரைக் காத்தது. புதிதாக வந்தவருக்கு முழு வீடு கிடைப்பதை அரிதாக்கியது என்றே நாம் கருதுகிறோம். குடும்பம் ஒன்றை உள்ளே விட்டால் கிளப்ப முடியாது என்று அஞ்சிய வீட்டுக்காரர், தெரிந்தவர் சிபாரிசு செய்த பிரம்மச்சாரிக்கு மாடியில் ஓர் அறையைக் கொடுக்கத் துணிந்தார்.

அந்த அறைக்குப் பெரிய இலக்கணம் எதுவுமில்லை. மாடிப்படியின் தலைக்கட்டை நான்கு அடி நீட்டினால் அறை. மேலே கீற்று, பின்னாளில் ஆஸ்பெஸ்டாஸ். ஆனால் ஒரு சிறு மாற்றத்தை நாம் கவனிக்கவேண்டும்: வீட்டுக்கு வெளியிலிருந்து ஏறும் தனிப்படி. குடியிருப்பவர் கூடத்தையோ சமையலறையையோ கடக்கவேண்டியதில்லை. அவருடைய ஊர், உறவு, உணவு அனைத்தையும் விசாரித்த பிறகே சாவி கைமாறும். சிலருக்குச் சாதி காரணமாகவே அது கைமாறாது. வீட்டின் தலைமேல் இடம் கொடுத்துவிட்டு வாசலுக்குள் இடம் கொடுக்காத ஏற்பாடு அது. கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ (1968) படத்தில் நாகேஷ் ஏற்ற மாது, பல குடித்தனங்கள் வாழும் வீட்டின் மாடிப்படிக்கு அடியில் வசிக்கிறான். படிக்குக் கீழோ மேலோ, வீடு வேண்டாமென்று ஒதுக்கிய மூலையே வந்தேறிய இளைஞனுக்கு முகவரி.

இந்த அறைகளின் துன்பத்தை மறைப்பதற்கில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவெல்லாம் அதைக் கக்கும். கத்திரி வெயில் நாட்களில் அறைக்குள் படுத்தவர்களைவிட வெளியே படுத்தவர்களே அதிகம். கட்டடத்துக்கும் துன்பம்தான். கீழ்ச்சுவரின் நேர்மேலே புதுச்சுவர் எழுந்த வீடுகள் தப்பித்தன. கட்டைகளின் நடுவில் சுவர் எழுப்பிய வீடுகளில் தேக்கு மெல்லத் தொய்ந்தது. தட்டோட்டைப் பெயர்த்துச் சுவர் பதித்த இடத்தில் ஐப்பசி மழை வழி கண்டுபிடித்தது. ஸ்பிட்ஸ்வெக்கின் குடை கீழ்த்தளத்துக் கூடத்தில் தேவைப்பட்டது.

அடுக்ககங்கள் வந்தபின் மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவாயிற்று. பொதுவானதில் தனி அறை எழுப்புவது விதிமீறல். அது நியாயமே. எனினும் பழைய வீடு ஒன்று இடிபடும்போது திண்ணைக்கும் முற்றத்துக்கும் நாம் இரங்கும் அளவுக்கு அந்த மாடி அறைக்கு இரங்குவதில்லை. திண்ணையும் முற்றமும் வீட்டுக்காரரின் நினைவுகள். மாடி அறையோ, ஒரு தகரப் பெட்டியோடு எழும்பூரில் இறங்கி இந்நகரத்தைத் தம்முடையதாக்கிக்கொண்ட பலருடைய முதல் வீடு. அவர்களில் பெரும்பாலோர் பெயரில் எந்தப் பத்திரமும் இல்லை. நம் தெருவில் அத்தகைய அறை ஒன்று இன்னும் நிற்குமானால், ஒருமுறை அந்த வெளிப்படியில் ஏறிப் பார்த்து, அங்கே யார் யார் இருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். அந்த வரலாறு வேறெங்கும் பதிவாகவில்லை.