விழித்திரை நிறமிப் படலம்: ஆய்வு வரலாறு

விழித்திரை நிறமிப் படலம் என்பது விழித்திரைக்குப் பின்புறம் ஒற்றை அடுக்காக அமைந்துள்ள செல்களின் படலம் ஆகும். இச்செல்களில் மெலனின் நிரம்பிய கருநிறத் துகள்கள் உள்ளன. இவை மெலனோசோம்கள் எனப்படுகின்றன. கேமராவின் உட்புறக் கறுப்புப் பூச்சைப் போல, சிதறும் ஒளியை உறிஞ்சுவதே இப்படலத்தின் வேலை என்று முன்பு கருதப்பட்டது. 1870களில் தவளைக் கண்ணில் நடந்த ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின.

தவளைக் கண் ஆய்வுகள்

இருட்டில் வைத்த தவளையின் விழித்திரை செந்நிறமாக இருப்பதையும், வெளிச்சம் பட்டதும் வெளிறுவதையும் 1876இல் உரோம் நகரில் பணியாற்றிய செருமானியர் பிரான்ஸ் போல் கண்டார். ஐடெல்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லி கியூனே இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். வெளிறிய விழித்திரையை நிறமிப் படலத்தின் மேல் மீண்டும் வைத்தபோது செந்நிறம் திரும்பியது. எனவே இப்படலம் வெறும் பூச்சு அன்று, பார்வைப் பொருளைப் புதுப்பிக்கும் இடம் என்பது தெளிவானது.

அதே தவளைகளில் வேறொன்றும் தெரிந்தது. இருட்டில் வைத்த தவளையின் விழித்திரை எளிதில் உரிந்து வந்தது. வெளிச்சத்தில் இருந்த தவளையிலோ அது நிறமிப் படலத்தோடு ஒட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் நிறமித் துகள்கள், கோல் செல்களுக்கு இடையே நீளும் விரல் போன்ற நீட்சிகளுக்குள் நகர்கின்றன. இருட்டில் செல்லின் உடலுக்குத் திரும்புகின்றன. பெரும்பாலான எலும்பு மீன்களின் கண்மணி சுருங்கி விரிவதில்லை. ஆகவே பகலில் இத்துகள்களே கோல் செல்களுக்குத் திரைச்சீலையாகின்றன. பாலூட்டிகளில் இந்நகர்வு மிகக் குறைவு.

வைட்டமின் ஏ, மதுரை

கியூனே கண்ட புதுப்பித்தலுக்குத் தேவையான பொருளை 1933இல் ஜார்ஜ் வால்டு அடையாளம் கண்டார். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை அவர் காட்டினார். அது குறைந்தால் மாலைக்கண் ஏற்படும். கடுமையானால் கருவிழி கெட்டுப் பார்வையே போகும்.

மதுரை கோரிப்பாளையத்தை ஒட்டியுள்ள இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை, முன்பு எர்ஸ்கின் மருத்துவமனை என அழைக்கப்பட்டது. இங்கும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் 1956 முதல் கண் மருத்துவத் துறையை வழிநடத்திய மருத்துவர் கோ. வெங்கடசாமி, இக்குறைபாட்டால் பார்வை இழக்கும் குழந்தைகள் மீது கவனம் செலுத்தினார். 1970களின் தொடக்கத்தில் மதுரையில் அவர்களுக்கான ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் உருவானது. தாய்மார்களுக்குக் கீரை போன்ற எளிய உணவின் பயன் கற்பிக்கப்பட்டது. பணி ஓய்வுக்குப் பின், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை அவர் தொடங்கினார்.

ஆக்டின் தடம்

துகள்கள் எதன் மீது நகர்கின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. ஆக்டின் என்ற புரதத்தை 1942இல் அங்கேரியின் செகெட் நகரில் ஸ்ட்ராப் தசையிலிருந்து பிரித்தார். தசையல்லாத செல்களிலும் அது உண்டு என்பது பின்னரே தெரிந்தது. ஆக்டின் இழையின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். மயோசின் என்னும் இயக்கப் புரதங்கள் ஏடிபி ஆற்றலைக் கொண்டு அதன்மேல் சுமையை இழுத்துச் செல்கின்றன.

பெர்க்லியில் பெத் பர்ன்சைடு குழுவினர் சன்ஃபிஷ் என்னும் நன்னீர் மீனின் நிறமிச் செல்களைத் தனித்தெடுத்து ஆராய்ந்தனர். செல்லின் மற்றொரு தடமான நுண்குழல்களைச் சிதைத்தபோதும் துகள்கள் நகர்ந்தன. ஆக்டின் இழைகளைக் குலைத்தபோது நகர்வு தடைப்பட்டது. இம்முடிவு 1997இல் வெளியானது.

அசர் நோய்த்தொகை

பிறவிக் காது கேளாமையும், பின்னர் படிப்படியான பார்வை இழப்பும் சேர்ந்து வருவது அசர் நோய்த்தொகையின் முதல் வகை. இதன் ஒரு பிரிவுக்கு மயோசின் 7ஏ மரபணுவின் பிழையே காரணம் என 1995இல் கண்டறியப்பட்டது. இதே மரபணுவில் பிழையுள்ள சுண்டெலிகளின் நிறமிச் செல்களில், துகள்கள் நீட்சிகளுக்குள் செல்லவில்லை என்பது 1998இல் தெரிந்தது. எனினும் அச்சுண்டெலிகள் மனிதரைப் போலப் பார்வை இழப்பதில்லை. எனவே துகள்கள் இடம் மாறாததை மட்டும் பார்வை இழப்புக்குக் காரணமாகக் கொள்ள இயலாது. மயோசின் 7ஏ ஒளியுணர் செல்களிலும் பணிபுரிகிறது.

மாலைக்கண் இவ்விரு நிலைகளிலும் முதல் அறிகுறியாகலாம். வைட்டமின் ஏ குறைபாட்டால் வருவதை உரிய காலத்தில் உணவாலும் மருந்தாலும் சரிசெய்யலாம். மரபணுப் பிழையால் வருவதை அவ்வாறு சரிசெய்ய இயலாது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் கண் பரிசோதனையும் தேவைப்படுவது இதனால்தான். பார்வை குன்றும் முன்பே நோய் தெரிந்தால், கல்வியையும் தொடர்பு முறையையும் குடும்பத்தினர் திட்டமிட முடியும்.