தண்ணி மட்டும் போதாது

யாழ்ப்பாண மாநகர சபைக்கு 1981 போல ஒரு வருசம் வரக்கூடாது. தீயணைப்பும் சபையின் பொறுப்பு, பொது நூலகமும் சபையின் சொத்து. மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் நூலகம், ஈழநாடு அலுவலகம், யோகேஸ்வரன் எம்.பி.யின் வீடு எல்லாம் எரிந்தன. நூலகத்தில் மட்டும் ஓலைச்சுவடிகளோடு சுமார் 97,000 நூல்கள் சாம்பலாகின.

காவலுக்கு வந்த பொலிசாரே கொளுத்தினால் வண்டியும் தண்ணியும் இருந்து என்ன செய்ய? நெருப்பு அணைக்கிறவனுக்கு முதலில் பயமில்லாத தெரு வேணும்.

புளியங்கூடலில் இருக்கிற எங்களுக்கு இது பழங்கதை இல்லை. நகரத்திலிருந்து வண்டி வாறதெண்டால் பண்ணைப் பாலம் கடக்க வேணும். 110ஐ அழைப்பது லேசு. வழி திறந்திருக்க வேணும், அதுதான் 1981 சொல்லித்தந்த பாடம் எண்டு நினைக்கிறம்.