கொல்கத்தா விளம்பரப் பாடல்கள்: கவிஞர் இடத்தில் வணிகர்

விளம்பரப் பாடலை இலக்கிய வகைகளுள் ஒன்றாக எண்ணும் வழக்கம் நம் ஆய்வுலகில் இன்னும் வேரூன்றவில்லை. அது பொருள் விற்கக் கட்டப்பட்டது, கூலிக்கு எழுதப்பட்டது, கேட்டவர் நகைத்துவிட்டு மறந்துவிடுவது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயின் மக்கள் அதனை எளிதில் மறப்பதில்லை. பொருள் கடையிலிருந்து மறைந்த பின்னரும் அதன் பாட்டு நாவில் நிற்பதுண்டு. இதற்குக் கொல்கத்தா நகரம் சிறந்த சான்று தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அந்நகரில் வழங்கிய வங்காள விளம்பரச் செய்யுளும் பாடலும் எவ்வடிவத்தைத் தழுவி எழுந்தன, அவற்றை இயற்றியோர் பெயர் எவ்வாறு பின்தள்ளப்பட்டது என்னும் இரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. குந்தலீனும் எச். போசும்

ஹேமேந்திர மோகன் போஸ் என்பவர் 1890களில் கொல்கத்தாவில் 'குந்தலீன்' என்னும் கூந்தல் தைலத்தையும் 'தெல்கோஷ்' என்னும் நறுமணப் பொருளையும் விற்று வந்தார். மக்கள் அவரை 'எச். போஸ்' என்றே அறிந்திருந்தனர். சுதேசி இயக்கம் எழுந்த 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெழுகு உருளைகளில் குரலைப் பதிந்து விற்றவரும் இவரே. இரவீந்திரநாத் தாகூரின் குரலும் அவ்வுருளைகளில் பதிவாயிற்று. 1916இல் போஸ் மறைந்தார்.

இவர் 1896இல் தொடங்கிய 'குந்தலீன் பரிசு' என்னும் சிறுகதைப் போட்டி வங்காள இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கதையில் குந்தலீன் அல்லது தெல்கோஷ் பற்றிய குறிப்பு வரவேண்டும். ஆயின் கதை விளம்பரமாகத் தோன்றலாகாது என்பதே போட்டியின் விதி. முதற்பரிசு பெற்றது அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ் எழுதிய கதையாகும். கடலில் கப்பலை மோதிய பெரும்புயலைத் தலைக்குத் தேய்க்கும் தைலம் அடக்கிவிடுகிறது என்னும் நகைச்சுவையே அக்கதையின் உயிர்நாடி. அது ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1903இல் பரிசு பெற்ற 'மந்திர்' என்னும் கதையோ சரத்சந்திர சட்டோபாத்தியாயர் தம் தாய்வழி உறவினர் பெயரில் அனுப்பியது. விளம்பரத்தை ஒட்டி எழுதும்போது ஆசிரியர் தம் பெயரை மறைத்துக்கொள்ளும் போக்கு இவ்விரு நிகழ்ச்சிகளாலும் புலனாகின்றது.

2. செய்யுளின் யாப்பு

எச். போசின் பொருள்களைப் பற்றி நான்கடிச் செய்யுள் ஒன்று வங்காளிகளிடையே இன்றும் வழங்குகிறது. முதல் மூன்றடிகள் முறையே கூந்தல், கைக்குட்டை, வெற்றிலை ஆகியவற்றுக்குரிய பொருளை எடுத்துரைக்கின்றன. நான்காம் அடி வணிகரையே வாழ்த்துகிறது. இதன் அமைப்பு 'சொடா' என்னும் வங்காளச் சிறுவர் பாட்டின் அமைப்பாகும். தாய்மார் குழந்தைகளுக்குச் சொல்லும் இப்பாட்டுகளைத் திரட்டி ஆராயும் முயற்சி அதே 1890களில்தான் வலுப்பெற்றது. தாகூர் இவற்றைத் தொகுத்து எழுதினார். யோகீந்திரநாத் சர்க்காரின் தொகுப்பு 1899இல் வெளிவந்தது. மேலும், சிறுவர் இலக்கியத்தில் புகழ்பெற்ற உபேந்திரகிஷோர் ராயின் தங்கையே எச். போசின் மனைவி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சொடாவின் அடிப்படை அலகு நான்கு அசை கொண்ட சீராகும். ஈண்டு அசை என்பது ஓர் உயிரொலியைக் கொண்ட ஒலிக்கூறு. தமிழ் யாப்பின் நேரசை, நிரையசை அன்று. அடியின் இறுதிச் சீர் பெரும்பாலும் குறைந்து நிற்கும். அக்குறைவை ஓர் இடைநிறுத்தம் ஈடுசெய்யும். குந்தலீன் செய்யுளில் முதல் மூன்றடிகளின் முதற்சீர் நான்கு அசையுடையது. அடுத்த குறுஞ்சீரில் விற்பனைப் பெயர் முழுமையாக அமர்கின்றது. அதன்பின் வரும் நிறுத்தத்தில் அப்பெயரே செவியில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. பாட்டு மனத்தில் பதிவதன் காரணம் இதுவே.

நான்கடிகளின் ஈற்றுச் சொற்களும் பெயர்களே: குந்தலீன், தெல்கோஷ், தாம்பூலீன், போஸ். முதலடி மூன்றாமடியோடும், இரண்டாமடி நான்காமடியோடும் இயைபு பெறுகின்றன. பெயர்கள் அமைந்த முறையே இவ்வியைபுக்கு இடமளித்தது. 'குந்தல' என்னும் வடசொல் தமிழிலும் குந்தளம் என வழங்கும். அதனோடும் தாம்பூலத்தோடும் கிளிசரின் போன்ற மேனாட்டுப் பெயர்களின் ஈறு சேர்க்கப்பட்டது. 'தெல்கோஷ்' பாரசீக வழி வந்த சொல். உள்ளத்துக்கு இன்பம் தருவது என்பது பொருள். வடமொழியும் பாரசீகமும் மேனாட்டு ஈறும் ஒரே செய்யுளில் கைகோத்து நிற்கக் காண்கிறோம்.

நான்காம் அடி தனிக் கவனத்துக்குரியது. வங்காள வைணவப் பதங்களில் இறுதியடியில் புலவர் தம் பெயரைப் பொறிப்பர். இதனைப் 'பணிதா' என்பர். நம் கீர்த்தனைகளின் முத்திரையை ஒத்தது. குந்தலீன் செய்யுளில் அம்முத்திரை இடத்தில் நிற்பவர் வணிகர். இயற்றியவரின் பெயருக்கு அங்கே இடமில்லை. இந்த இடமாற்றமே செய்யுளின் நகைச்சுவை; கொல்கத்தா விளம்பரப் பாட்டின் பின்னைய வரலாற்றுக்கு இதுவே முன்னறிவிப்பும் ஆகும்.

3. வானொலிக் காலம்

1929இல் கௌர் மோகன் தத்தா தொடங்கிய 'போரோலின்' களிம்பின் பெயரும் மேற்கூறிய பெயராக்க மரபைச் சார்ந்ததே. இந்திய வானொலியில் விளம்பர ஒலிபரப்பு 1967 நவம்பர் 1 அன்று மும்பை, புணே, நாகபுரி நிலையங்களில் தொடங்கிப் பின்னர் கொல்கத்தாவுக்கும் விரிந்தது. அதன்பின் பாடகி சிராவந்தி மஜும்தாரின் குரலில் ஒலித்த போரோலின் பாடலும், 'போரோலின் குடும்பம்' எனப் பொருள்படும் அவருடைய வானொலி நிகழ்ச்சியும் வங்காள இல்லங்களில் பெரிதும் விரும்பப்பட்டன. அப்பாடலின் தொடக்கம் ஒரு வடமொழி அடை, இரண்டு ஆங்கிலச் சொற்கள், இறுதியில் பொருளின் பெயர் என்னும் வைப்புமுறையில் அமைந்தது. பெயர் ஈற்றில் நிற்கும் பழைய விதி இங்கும் மாறவில்லை. இலங்கை வானொலியில் கோபால் பற்பொடி விளம்பரத்தைக் கேட்ட தமிழர், நாடுகளின் பெயர்களை அடுக்கி ஈற்றில் பொருளின் பெயரை நிறுத்திய அதன் அமைப்பை நினைவுகூர்வர்.

போரோலினுக்கு 'வங்க' வாழ்வின் 'அங்கம்' எனப் பொருள்படும் தொடரை எழுதியவர் ரிதுபர்ண கோஷ் (1963–2013). எதுகையில் பழகிய தமிழ்ச் செவிக்கு இவ்விரு சொற்களின் இயைவு உடனே புலப்படும். அவர் 1980களில் கொல்கத்தா விளம்பர நிறுவனமொன்றில் பணிபுரிந்து, பின்னர் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்றார். இத்தொடரின் ஆசிரியர் பெயர் பேசப்படுவதற்கு அப்புகழே துணைசெய்தது எனலாம். பாடலின் நடுவே எழுதியவர் பெயரைக் கூறும் வழக்கம் விளம்பர ஒலிபரப்பில் இல்லை.

4. ஜப்பானிய ஒப்பீடு

இந்நிலை தவிர்க்க இயலாதது அன்று என்பதற்கு ஜப்பான் எடுத்துக்காட்டாகும். அங்கு 1951 செப்டம்பரில் வணிக ஒலிபரப்பு தொடங்கியபோதே, புகைப்பட நிறுவனம் ஒன்றுக்காக மிகி தோரிரோ ஒரு பாடலை அமைத்தார். எடுத்த படமெல்லாம் பிழையாகும் ஒரு பயில்முறைப் படப்பிடிப்பாளரைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு அது. அதில் நிறுவனத்தின் பெயரோ பொருளின் பெயரோ இல்லை. குந்தலீன் போட்டியின் விதி வேண்டிய மறைவு அங்குப் பாட்டிலேயே கைகூடியது. தோரிரோவின் விளம்பரப் பாடல்கள் பின்னாளில் அவர் பெயராலேயே தொகுக்கப்பட்டன. அங்கு வணிகர் பெயர் பாட்டினின்று விலகியது. ஆக்கியோன் பெயர் நிலைத்தது.

முடிவுரை

கொல்கத்தா விளம்பரப் பாட்டு தொலைக்காட்சியோடு வந்திறங்கிய அயற்சரக்கு அன்று; தாலாட்டின் அருகே பிறந்த நாட்டுச் செய்யுள் வடிவத்தின் வழித்தோன்றலே என்பது மேற்கண்ட ஆய்வால் தெளிவாகும். சொல்லாக்கம், மொழிக்கலப்பு, யாப்பு ஆகிய மூன்றுக்கும் அது சிறந்த சான்றாவணம். 1890களில் சொடாக்களைத் தொகுத்தவர்கள், அவை சிறுபிள்ளைப் பாட்டென்று ஒதுக்கியிருப்பின் அச்செல்வம் அழிந்திருக்கும். வானொலிக் கால விளம்பரப் பாடல்களும் இன்று அந்நிலையிலேயே உள்ளன. ஒலிநாடாக்கள் நெடுங்காலம் நில்லா. எழுதியோர், பாடியோருள் பலர் முதுமை எய்திவிட்டனர். தமிழிலும் வங்காளத்திலும் இப்பாடல்களைத் தொகுப்போர் பொருளின் பெயரைக் குறிக்கும் இடத்திலேயே இயற்றியவர் பெயரையும் குறித்தல் வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் வணிகர் அமர்ந்த முத்திரை இடத்தைக் கவிஞருக்கு மீட்டுத் தருவதற்கு அதுவே முதற்படி.