கொடியும் சின்னமும் நம் ஊரும்

சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல் எனக் கொடியைக் கொண்டே குடியை அறிந்தது தமிழ் மரபு. அதனால் கொடியும் இலச்சினையும் அரசர்க்கே உரியவை என எண்ணிவிட்டோம். பிரெஞ்சு நாட்டிலோ சிற்றூர்கள் பலவும் தமக்கெனக் கேடயச் சின்னம் பூண்டுள்ளன. சுரங்கத்தால் வளர்ந்த ஊர்கள் சிலவற்றின் சின்னத்தில் சுத்தியலும் விளக்கும் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே உழைப்பே ஊரின் அடையாளம். தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் வாழும் நாம், நம் ஊர்ச்சின்னம் யாது என வினவிப் பார்த்தல் தகும்.

இம்மண் கண்ட சின்னங்கள் பல. குவளாலபுரம் எனப்பட்ட கோலாரைத் தொடக்கத்தில் தலைநகராகக் கொண்ட கங்கர்க்கு யானை இலச்சினை. 11ஆம் நூற்றாண்டில் புலிக்கொடி பறந்தபோது இப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலமாயிற்று. கோலாரம்மன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் சோழராட்சிக்குச் சான்று. பின்னர் வந்தது மைசூர் உடையாரின் இருதலைப் பறவையாகிய கண்டபேருண்டம். இன்றும் கருநாடக அரசின் சின்னத்தில் அது விளங்குகிறது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத்தை வளர்த்தபோது ஆங்கிலேயர் ஆதிக்கம் ஓங்கிற்று. ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை என ஊர்ப்பெயர்களும் ஆங்கிலப் பெயர்களாயின. 1947இல் மூவண்ணக்கொடி ஏறியது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன.

இவை யாவும் ஆண்டோர் இட்ட சின்னங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கிப் பொன் எடுத்த நம் முன்னோர் இட்ட சின்னம் எது? அவர்களிடம் நிருவாகம் கேட்டது கைரேகையைத்தான். அதற்கும் அவர்கள் பணியவில்லை. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். தம் அடையாளத்தைப் பிறர் வரையறுக்க ஒப்பாத மக்கள் அவர்கள்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. குழிவாயின்மேல் நின்று ஆட்களை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரங்கள் துருவேறின. சயனைடு மண்மேடுகள் ஊரைச் சூழ்ந்து கிடக்கின்றன. கல்வெட்டில்லாத அம்மக்களுக்கு அக்கோபுரமே கல்வெட்டு. அதுவே நம் ஊர்ச்சின்னமாதல் வேண்டும் என்பது நம் துணிபு. பிறிதொருவர் வழங்கும்வரை காத்திராமல், நம் சங்கத்தின் மலர் அட்டையிலும் பரிசுப் பதக்கத்திலும் அதனை நாமே பொறிப்போம். இருளில் இறங்கியோர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.