செர்பியத் திருநாள் குறைப்பு

18-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் பேரரசு, தன் ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் செர்பியர்கள் வேலை செய்யாமல் கொண்டாடிய சமய நாள்களைக் குறைக்க மேற்கொண்ட தொடர் முயற்சி இது.

1690-இல் ஒட்டோமன் படைகளுக்குத் தப்பி, திருச்சபைத் தலைவர் மூன்றாம் அர்செனியேயின் பின்னால் ஆயிரக்கணக்கான செர்பியர்கள் ஹங்கேரிக்குள் வந்தனர். பேரரசர் முதலாம் லியோபோல்டு அவர்களுக்கு அளித்த சலுகைப் பட்டயம் சமய உரிமையோடு பழைய ஜூலியன் நாள்காட்டியையும் ஏற்றது. பின்னாளில் திருநாளில் கைவைத்ததெல்லாம் பட்டயத்தில் கைவைத்ததாகவே செர்பியர்களுக்குப் பட்டதற்கு இதுவே காரணம்.

பின்னர் ஆண்ட பேரரசி மரியா தெரேசாவின் அதிகாரிகளுக்கோ கணக்கு வேறு. வேலை நின்ற நாள் விளைச்சலுக்கும் வரிக்கும் நட்டம். இதில் ஆர்த்தடாக்ஸ் மக்களை மட்டும் அவர்கள் குறிவைத்தார்கள் என்று சொல்ல முடியாது; கத்தோலிக்கத் திருநாள்கள் 1754-இலும் 1771-இலும் போப்பின் ஒப்புதலோடு குறைக்கப்பட்டிருந்தன. ஆனால் இரு சமயத்தாரும் கலந்து வாழ்ந்த எல்லைப்புறப் படைப் பகுதிகளில் சிக்கல் இரட்டித்தது. ஜூலியன் நாள்காட்டி அப்போது 11 நாள் பின்தங்கியிருந்ததால், ஒரே கிறிஸ்துமஸ் ஒரே ஊரில் இருமுறை வந்தது.

உழவர் பக்கத்தில் நின்று பார்த்தால், புனித எலியாவின் நாள் நல்ல எடுத்துக்காட்டு. ஜூலியன் கணக்கில் ஜூலை 20. அறுவடை மும்முரமான காலம். இடியை ஆள்பவர் எலியா என்பது செர்பியக் கிராமங்களின் நம்பிக்கை. அன்று அரிவாள் எடுத்தால் மின்னலோ ஆலங்கட்டி மழையோ பயிரை அழிக்கும் என்று அஞ்சியவரிடம் வேலைநாள் கணக்கு எடுபடவில்லை.

அரசு நேரடியாக ஆணையிடாமல் இச்செர்பியர்களின் திருச்சபைத் தலைமையான கார்லோவ்சி பேராயர் ஆட்சிப்பீடத்தையும் அதன் ஆயர் மன்றத்தையும் முன்னிறுத்தியது. இப்படிச் சுருக்கப்பட்ட திருநாள் பட்டியலிலிருந்து செர்பியப் புனிதர்கள் பலரின் நாள்களும் விடுபட்டன. திருச்சபை வாழ்வை ஒழுங்குபடுத்த 1770-இலும் 1777-இலும் விதித்தொகுப்புகள் வந்தன. இரண்டாவதை எதிர்த்து நோவி சாத், வெர்ஷாத்ஸ் நகரங்களில் கலகம் மூண்டது. திறந்த பெட்டியில் பிணத்தைக் கொண்டுபோகத் தடை போன்றவை மக்களின் கோபத்தைக் கூட்டியிருந்தன. 1779-இல் அரசு திருத்திய விளக்க ஆணையை வெளியிட வேண்டியதாயிற்று.

எதிர்ப்பு ஒருமித்ததாக இருந்துவிடவில்லை. ஹோபோவோ மடத்தைத் துறந்து வெளியேறிய எழுத்தாளர் தோசிதே ஒப்ராதோவிச், மிதமிஞ்சிய திருநாள்களையும் நோன்புகளையும் சாடி, மரியா தெரேசாவின் மகனும் பேரரசருமான இரண்டாம் ஜோசப்பின் சீர்திருத்தங்களைப் போற்றினார். அரசின் வாதத்தைச் செர்பிய மொழியில் அரசைவிடத் திறமையாகச் சொன்னவர் அவர் எனலாம். ஆயினும் கிரிகோரியன் நாள்காட்டி செர்பியத் திருச்சபைக்குள் நுழையவில்லை. இன்றும் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல்தான்.

20-ஆம் நூற்றாண்டில் சோசலிச யுகோஸ்லாவியா இதே வேலையை வேறு காரணம் காட்டிச் செய்தது. பள்ளிகளில் செர்பியப் புனிதர் சாவாவின் விழா நின்றது. 2001-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் செர்பியாவின் அரசு விடுமுறைகளாக்கியது. புனித சாவா நாளும் வித்தோவ்தான் எனும் புனித விட்டஸ் நாளும் அதே சட்டத்தில் இடம்பெற்றன, ஆனால் வேலைநாள்களாக.