வளைந்த உலோகத் தகட்டில் துளை வடிவமைத்தல்

வளைந்த உலோகத் தகட்டில் துளை வடிவமைத்தல் என்பது, உருளை போன்று வளைக்கப்படும் தகட்டுப் பாகங்களில் துளைகளின் இடத்தையும் வடிவத்தையும் கணினிவழி வடிவமைப்பு மென்பொருளில் வரையறுக்கும் செயல்முறை ஆகும். இத்தகைய பாகங்களில் துளைகள் பெரும்பாலும் தகடு தட்டையாக இருக்கும்போதே லேசர் அல்லது துளை அழுத்தி கொண்டு வெட்டப்படுகின்றன. அதன் பின்னரே தகடு உருட்டி வளைக்கப்படுகிறது. எனவே துளையானது வளைந்த நிலை, தட்டை நிலை ஆகிய இரண்டிலும் சரியாக அமைதல் வேண்டும்.

விரிப்பு நீளம்

தகட்டை வளைக்கும்போது அதன் உட்புறம் சுருங்குகிறது, வெளிப்புறம் நீள்கிறது. இடையில் நீளம் மாறாத அடுக்கு நடுநிலை அடுக்கு எனப்படும். உட்புறத்திலிருந்து இவ்வடுக்கு உள்ள தூரத்தைத் தடிப்பால் வகுத்தால் கிடைப்பது கே-காரணி. இது பொதுவாக 0.3 முதல் 0.5 வரை இருக்கும். விரிப்பு நீளம் பின்வருமாறு கணிக்கப்படுகிறது:

விரிப்பு நீளம் = ரேடியனில் கோணம் × (உள் ஆரம் + கே-காரணி × தடிப்பு)

உள் ஆரம் 50 மி.மீ., தடிப்பு 2 மி.மீ. உள்ள முழு உருளைக்கு, காரணி 0.5 எனில் நீளம் 320.4 மி.மீ.; 0.4 எனில் 319.2 மி.மீ. காரணி தவறினால் துளைகளின் இடமும் தவறும்.

துளையின் வடிவம்

தட்டைத் தகட்டில் வெட்டிய வட்டம், வளைத்த பின் எதிரிலிருந்து பார்க்கும்போது வட்டமாகத் தோன்றாது. தடிப்பைப் புறக்கணித்து, 50 மி.மீ. ஆரமுள்ள உருளையை எடுத்துக்கொள்வோம். தட்டையில் 40 மி.மீ. விட்டத்தில் வெட்டிய துளை, வளைத்த பின் அச்சுத் திசையில் 40 மி.மீ. ஆகவே இருக்கும், குறுக்குத் திசையில் 38.94 மி.மீ. ஆகக் குறையும். 40 மி.மீ. குழாய் அதனுள் நுழையாது. குழாய் நுழைய வேண்டுமானால், தட்டையில் துளையின் சுற்றுத் திசை அளவு 41.15 மி.மீ. ஆக இருத்தல் வேண்டும். 3 மி.மீ. அளவிலான சிறு துளைகளில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கது. எனவே வடிகட்டிக் குழாய் போன்றவற்றின் சிறு துளைகளைத் தட்டையில் வட்டமாகவே வெட்டலாம்.

மென்பொருளில் செய்முறை

இரு வழிகள் உள்ளன.

1. விரித்து வெட்டுதல்: பாகத்தை விரித்து, தட்டையில் துளையிட்டு, மீண்டும் மடித்தல். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் இதற்கு அன்ஃபோல்டு, ஃபோல்டு ஆகிய கட்டளைகளும், இன்வென்டரில் அன்ஃபோல்டு, ரீஃபோல்டு ஆகியனவும் உள்ளன. துளைகளின் இடைவெளி தகட்டின் வழியே அளக்கப்படும்போது இது ஏற்றது.
2. வளைந்த நிலையில் வெட்டுதல்: ஒரு தளத்தில் வட்டம் வரைந்து, அதை உருளையின் ஊடே செலுத்துதல். குழாய், தண்டு போன்றவை நுழையும் துளைகளுக்கு இது ஏற்றது.

முழுதாக மூடிய உருளையை விரிக்கத் தொடக்க விளிம்பு இராது. ஆகவே நீளவாக்கில் ஒரு மெல்லிய இடைவெளி விடப்படுகிறது. பற்றவைப்பும் வழக்கமாக அவ்விடத்திலேயே அமையும்.

செங்குத்து வெட்டு

இரண்டாம் வழியில் துளையின் பக்கச் சுவர்கள் தகட்டுக்குச் செங்குத்தாக அமைவதில்லை. விரித்தால் சாய்ந்து காணப்படும். தகட்டுக்குச் செங்குத்தாக மட்டும் வெட்டும் லேசர் பொறியால் இச்சாய்வை உருவாக்க இயலாது. எனவே சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், சாலிட் எட்ஜ் ஆகியவற்றில் சுவர்களைத் தகட்டுக்குச் செங்குத்தாக்கும் தெரிவு தரப்பட்டுள்ளது.

வரம்புகள்

உருளை, கூம்பு ஆகியன நீட்சியின்றி விரிக்கத்தக்க பரப்புகள். கோளப் பரப்பு அவ்வாறன்று. இது 1827 இல் கணிதவியலர் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து பெறப்படும் முடிவு. ஆதலால் கிண்ணம் போன்ற பாகங்களில் துல்லியமான துளைகள் வடிவம் கொடுத்த பின்னரே வெட்டப்படுகின்றன. உருளையிலும், பெரிய துளையைச் சுற்றித் தகடு வலுக்குறைந்து சீராக வளையாமல் போகலாம். அதைத் தவிர்க்க, வெட்டிய துண்டைச் சிறு இணைப்புகளால் விட்டுவைத்து, உருட்டிய பின் அகற்றுவது உண்டு.