லாரி கேபின்: மரச்சட்டத்திலிருந்து ஏசி வரை

வேங்கிக்கால் வழியா வேலூர் ரோட்டில் போகும் லாரிகளைக் கவனிச்சுப் பாருங்க. பழசுக்கும் புதுசுக்கும் பெரிய வித்தியாசம் டிரைவர் உட்காரும் இடத்தில்தான்.

நம் நாட்டில் ரொம்ப காலம் கம்பெனிகள் பெரும்பாலும் வெறும் சேஸிஸைத்தான் விற்றன. இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், அவ்வளவுதான். டிரைவர் வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டிக்கொண்டு போய் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் விடுவார். அங்கே மரச்சட்டமும் தகரமும் வைத்து கேபின் கட்டுவார்கள். வேலைப்பாடு அழகா இருக்கும். ஆனா நேருக்கு நேர் மோதினா முதலில் நொறுங்குவது அதுதான்.

ஐ.நா. விதி 29 இதற்கு ஒரு சோதனை வைத்தது. சுமார் 1,500 கிலோ எடையை ஊசல்போல் ஆட்டி கேபின் முகப்பில் மோதவிடணும். அதற்குப் பிறகும் உள்ளே ஆள் பிழைக்க இடம் மிஞ்சணும். அதே வழியில் வந்ததுதான் நம் ஏஐஎஸ்-029. 2015-ல் கனரக லாரிகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. அவசரமா மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும். 2025 ஜூன் 8 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபினும் கட்டாயம்.

ஏசியை சொகுசுன்னு நினைக்க வேண்டாம். இன்ஜின் சூட்டில் நாள் முழுக்க வெந்தவருக்கு ராத்திரி கண் சொக்கும்.

சட்டம் புது வண்டிக்குத்தான். பழைய கேபின்கள் இன்னும் பல வருஷம் இதே ரோட்டில் ஓடும்.